மாங்கன்று மெயில் ஸ்பேமில் விழுகிறது, ஆர்டர் மெயில் 550 5.7.26 என்று திரும்புகிறது: எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எதில் கோளாறு?

கேள்வி: சந்தூர்_ஒட்டுக்கன்று

வணக்கம். போச்சம்பள்ளி பக்கம் சந்தூர்ல ஒட்டு மாங்கன்று நர்சரி. வெப்சைட்லயும் விக்கிறோம். ஆடிப் பட்டத்துக்கு முன்னாடி எந்த ரகம் எவ்வளவு இருக்கு, விலை, லாரி எந்த ஊருக்கு என்னைக்குப் புறப்படுதுன்னு பழைய வாடிக்கையாளர் எல்லாருக்கும் ஒரே நாள்ல மெயில் போகும். பட்டியல்ல 7,800 பேர், அதுல 6,000 பேருக்கு மேல ஜிமெயில்.

இப்ப இருக்கிற அமைப்பு: டொமைன் வாங்கினது ஒரு கம்பெனியில. வெப்சைட் வேற ஒரு ஷேர்டு ஹோஸ்டிங்ல (பல சைட் பங்கு போடற சர்வர்), அதை நிர்வகிக்கற பக்கம் சிபேனல். ஆபீஸ் மெயில் கூகுள் வொர்க்ஸ்பேஸ். மொத்தமா அனுப்பற மெயிலுக்குக் காசு கட்டி ஒரு தனி சேவை.

நடக்கறது: மொத்த மெயில் ஜிமெயில்ல பாதிக்கு மேல ஸ்பேமுக்குப் போகுது. வெப்சைட்ல இருந்து போற ஆர்டர் உறுதி மெயில் 550 5.7.26ங்கற பிழை எண்ணோட திரும்புது. அவுட்லுக், ஹாட்மெயில் ஆளுங்களுக்குப் போட்டா 550 5.7.515.

டொமைன் வாங்கின இடத்துல உள்ள டிஎன்எஸ் (டொமைனோட ரெக்கார்டு பட்டியல்) பக்கத்துல கூகுளுக்கு ஒரு எஸ்பிஎஃப், மொத்த சேவைக்கு ஒரு எஸ்பிஎஃப்னு ரெண்டு டெக்ஸ்ட் ரெக்கார்டு போட்டு நாலு நாள் ஆச்சு. ஒண்ணும் மாறல. இன்னொண்ணு, 3,000 வீதம் பிரிச்சு ரெண்டு மூணு நாள்ல அனுப்பினா, நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல அனுப்பறவங்களுக்குன்னு கூகுள் வச்ச விதி நமக்கு வராது இல்லைங்களா?

---

பதில்: ஓசூர்_டிஎன்எஸ்

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். பிரித்து அனுப்பித் தப்ப முடியாது. தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு 24 மணி நேரத்தில் 5,000 அளவுக்கு ஒரே ஒரு தடவை அனுப்பியிருந்தாலும் கூகுள் கணக்கில் அந்த டொமைன் மொத்தமாக அனுப்புபவர்தான். பிறகு குறைத்துக்கொண்டாலும் அந்த முத்திரை போகாது. துணை டொமைன்களில் இருந்து போவதும் தாய் டொமைன் கணக்கில்தான் சேரும். நீங்கள் போன வருடமே தாண்டியிருப்பீர்கள்.

5,000-க்குக் கீழே இருப்பவர்களுக்கும் முழு விலக்கு இல்லை. எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது வேண்டும் (இவையும் டிமார்க்கும் என்னவென்று கீழே சொல்கிறேன்). அனுப்பும் சர்வர் ஐபிக்கு பிடிஆர் ரெக்கார்டு (ஐபியிலிருந்து பெயரைச் சொல்வது) வேண்டும், அந்தப் பெயர் திரும்ப அதே ஐபிக்கே வர வேண்டும். டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்கப்பட்ட இணைப்பில் அனுப்ப வேண்டும். 5,000-க்கு மேலே போனால் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டும், டிமார்க்கும், விளம்பர மெயிலில் ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் கட்டாயம். கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியில் தொடங்கின. அவுட்லுக், ஹாட்மெயில், லைவ் முகவரிகளுக்கு மைக்ரோசாஃப்ட் 2025 மே 5-ல் இருந்து கிட்டத்தட்ட இதையே கேட்கிறது, உங்கள் 5.7.515 அதுதான்.

வியாபார எஸ்எம்எஸ்ஸுக்கு டிஎல்டி பதிவு (தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் செய்வது) செய்திருப்பீர்கள். இங்கே பதிவு செய்ய ஆபீஸும் கிடையாது, கட்டணமும் கிடையாது. எல்லாம் உங்கள் டிஎன்எஸ்ஸில் நீங்களே எழுதி வைப்பது. அதனால்தான் தப்பாக எழுதினாலும் யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள்.

எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் ஓசூர் எல்லையில் ஜூஜூவாடி செக்போஸ்டில் நிற்கும் லாரியாக நினைத்துக்கொள்ளுங்கள். எஸ்பிஎஃப் என்பது வண்டி நம்பர்: இந்தக் கடை சரக்கை ஏற்ற அனுமதி உள்ள வண்டிதானா? டிகிம் என்பது மூட்டையின் சீல்: வழியில் யாரும் பிரிக்கவில்லையே? டிமார்க் என்பது பில்லைப் பார்ப்பது: பில்லில் உள்ள கடைப் பெயரும், வண்டி அனுமதியிலோ சீலிலோ உள்ள பெயரும் ஒன்றுதானா? முதல் இரண்டும் சரியாக இருந்தும் மூன்றாவதில் மாட்டுகிறவர்கள்தான் நிறைய.

உங்களிடம் வெளிப்படையாகத் தெரிகிற தப்பு: எஸ்பிஎஃப் ரெக்கார்டு ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் பெறுகிற சர்வர் எது சரி என்று தேர்ந்தெடுக்காது, "பெர்ம் எரர்" (நிரந்தரப் பிழை) என்று மொத்தத்தையும் தள்ளிவிடும். இரண்டில் உள்ள "இன்க்ளூட்" பகுதிகளையும் (அடுத்த சேவையின் அனுமதிப் பட்டியலை இழுத்துச் சேர்ப்பவை) ஒரே வரியில் சேர்த்து, கடைசியில் அலைக்குறியோடு "ஆல்" ஒரு தடவை மட்டும் வையுங்கள்.

சேர்க்கும்போது பத்து என்ற வரம்பு இருக்கிறது. இன்க்ளூட், ஏ, எம்எக்ஸ், பிடிஆர், எக்ஸிஸ்ட்ஸ், ரீடைரக்ட் ஒவ்வொன்றும் ஒரு டிஎன்எஸ் தேடல். மொத்தம் பத்தைத் தாண்டினால் மறுபடி பெர்ம் எரர். ஒரு இன்க்ளூடுக்குள் இன்னும் மூன்று நான்கு ஒளிந்திருக்கலாம், அவையும் கணக்கில் வரும். ஐபி4, ஐபி6 என்று நேராக எழுதுவதற்குக் கணக்கு இல்லை. விட்டுப்போன பழைய சேவையின் இன்க்ளூடை முதலில் எடுத்துப் போடுங்கள்.

---

பதில்: பாலக்கோடு_சர்வர்

எஸ்பிஎஃப் இருக்கட்டும், கேள்வியில வேற ஒரு வரி உறுத்துது. "டொமைன் வாங்கின இடத்துல ரெக்கார்டு போட்டு நாலு நாள் ஆச்சு, ஒண்ணும் மாறல." நேம்சர்வர் (உங்க டிஎன்எஸ் ரெக்கார்டை வெளி உலகத்துக்குச் சொல்ற சர்வர்) எங்க காட்டுதுன்னு பாத்தீங்களா? வெப்சைட் ஹோஸ்டிங் வாங்கும்போது நேம்சர்வரை அவங்க பக்கம் மாத்தச் சொல்லியிருப்பாங்க. மாத்தியிருந்தா டொமைன் வாங்கின இடத்துல நீங்க எழுதறது பூட்டின கடைக்கு முன்னாடி விலைப்பலகை வச்ச மாதிரி, யாருமே படிக்க மாட்டாங்க. பேனல் மட்டும் "சேவ் ஆச்சு"ன்னு பச்சையா காட்டும்.

விண்டோஸ்ல கமாண்ட் பிராம்ப்ட் திறந்து என்எஸ்லுக்கப் போடுங்க, டைப் என்எஸ், அப்புறம் உங்க டொமைன். யார் பேர் வருதோ அவங்க பேனல்லதான் எல்லா ரெக்கார்டும் போடணும். அதே கமாண்ட்ல டைப்பை டெக்ஸ்ட்னு மாத்தினா வெளி உலகத்துக்கு உங்க எஸ்பிஎஃப் நிஜமா எப்படித் தெரியுதுன்னு வந்துடும். பேனலை நம்பாதீங்க, இதை நம்புங்க.

சரியான பேனல்ல போடும்போதும் ஒரு பள்ளம் இருக்கு. பெயர் கட்டத்துல முழு டொமைனையும் அடிச்சா சில பேனல் தானாவே டொமைனை மறுபடி ஒட்டிடும், பேர் ரெண்டு தடவை வந்து ரெக்கார்டு எங்கயோ போய் உக்காந்துக்கும். டிகிமுக்கு "கூகுள்", புள்ளி, அடிக்கோடு, "டொமைன்கீ". டிமார்க்குக்கு அடிக்கோடு, "டிமார்க்". அது வரைக்கும்தான். (நான் தமிழ்ல சொல்றேன், பேனல்ல ஆங்கிலத்துல அடிக்கணும்.)

கூகுள் டிகிம் எடுக்க: அட்மின் கன்சோல், ஆப்ஸ், கூகுள் வொர்க்ஸ்பேஸ், ஜிமெயில், ஆதென்டிகேட் ஈமெயில். 2048 பிட் சாவி எடுங்க. அந்த மதிப்பு 255 எழுத்தைத் தாண்டும், டெக்ஸ்ட் ரெக்கார்டுல ஒரு துண்டு 255க்கு மேல போகாது. நல்ல பேனல் தானா பிரிச்சுக்கும். பிரிக்காதது பாதியில வெட்டிடும், வெட்டினதைச் சொல்லவும் செய்யாது. அப்ப ரெண்டு மேற்கோள் துண்டா நீங்களே பிரிச்சுப் போடணும், நடுவுல எழுத்து எதுவும் விடுபடாம. அதுவும் ஒத்துவரலன்னா 1024 பிட் சாவி, கூகுள் இன்னும் ஏத்துக்குது.

ரெக்கார்டு போட்டதும் வேலை முடிஞ்சுதுன்னு எழுந்துடாதீங்க. அதே பக்கத்துக்குத் திரும்பி வந்து "ஸ்டார்ட் ஆதென்டிகேஷன்" அமுக்கணும். அமுக்கற வரைக்கும் கூகுள் தன்னோட பொது டொமைன் பேர்லதான் கையெழுத்துப் போடும், உங்க பேர்ல இல்ல. ரெக்கார்டு பரவ 48 மணி வரைக்கும் ஆகலாம், அதுக்குள்ள பதறி மாத்தி மாத்திப் போட்டா இன்னும் குழப்பம்தான்.

---

சந்தூர்_ஒட்டுக்கன்று

நீங்க சொன்னதுதாங்க சார். நேம்சர்வர் ஹோஸ்டிங் பக்கம் இருந்துச்சு. சிபேனல் ஜோன் எடிட்டர்ல எஸ்பிஎஃப் ஒரே வரியா சேர்த்தாச்சு, கூகுள் டிகிமும் போட்டு ஸ்டார்ட் அமுக்கியாச்சு. ஆபீஸ் மெயில் இப்ப பாஸ். ஆனா மொத்த சேவையில இருந்து என் சொந்த ஜிமெயிலுக்கு ஒண்ணு அனுப்பி "ஷோ ஒரிஜினல்" பாத்தா எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் பாஸ், டிமார்க் ஃபெயில்னு வருது. டிமார்க் ரெக்கார்டு பி=நன்தான் (ஃபெயிலானாலும் தடுக்காதேங்கறது) போட்டிருக்கேன். ரெண்டும் பாஸாகி மூணாவது எப்படிங்க ஃபெயிலாகும்?

---

பதில்: ஓசூர்_டிஎன்எஸ்

நான் சொன்ன பில் விவகாரம் இதுதான். அதே பக்கத்தில் பாஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் டொமைன் பெயர் இருக்கும், அதைப் படியுங்கள். டிகிம் வரியில் உங்கள் நர்சரி பெயர் இருக்காது, மொத்த சேவையின் பெயர் இருக்கும். எஸ்பிஎஃப்பும் அப்படியே. எஸ்பிஎஃப் பார்ப்பது வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிகிற ஃப்ரம் முகவரியை அல்ல. திரும்புகிற மெயில் போய்ச் சேரும் ரிட்டர்ன் பாத் முகவரியை. அந்த முகவரி சேவையினுடையது, அவர்கள் சர்வர் அவர்கள் பட்டியலில் இருக்கிறது, ஆகவே பாஸ். அது அவர்களுக்குக் கிடைத்த பாஸ். டிமார்க் கேட்பது ஃப்ரம் டொமைனுக்கான பாஸ்.

பலர் இங்கே செய்கிற தவறு, சேவையின் இன்க்ளூடை நம் எஸ்பிஎஃப்பில் சேர்த்துவிட்டு முடிந்தது என்று நினைப்பது. ரிட்டர்ன் பாத் அவர்களுடையதாக இருக்கும்வரை நம் எஸ்பிஎஃப்பை யாரும் திறந்தே பார்க்க மாட்டார்கள். பத்தில் ஒரு தேடல்தான் வீண்.

சரி செய்யும் வழி: சேவையின் பேனலில் "டொமைன் ஆதென்டிகேஷன்" என்றோ "சென்டர் டொமைன்" என்றோ ஒரு பக்கம் இருக்கும். பெரும்பாலும் டிகிமுக்கு இரண்டு சிநேம் ரெக்கார்டு (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டிவிடுபவை), ரிட்டர்ன் பாத்துக்கு ஒன்று தருவார்கள். சிபேனலில் போட்டு, அங்கே போய் "வெரிஃபை" கொடுங்கள். அதன்பின் டிகிம் உங்கள் பெயரில் கையெழுத்தாகும், ரிட்டர்ன் பாத் உங்கள் துணை டொமைனாகும். எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்று ஃப்ரம் டொமைனோடு பொருந்தினாலே டிமார்க் பாஸ். துணை டொமைனாக இருந்தாலும் சாதாரண நிலையில் பொருத்தமாகவே எடுத்துக்கொள்ளப்படும். டிஎன்எஸ் கிளவுட்ஃப்ளேரில் இருக்கிறவர்கள் இந்த சிநேம்களில் ஆரஞ்சு மேகத்தை அணைத்துச் சாம்பலாக்க வேண்டும், இல்லாவிட்டால் சரிபார்ப்பு நடக்காது.

ஃப்ரம்மில் ஜிமெயில் முகவரியைப் போட்டு இந்தச் சேவைகளில் அனுப்புவது யாராவது செய்துகொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஜிமெயில் பெயரில் ஜிமெயில் மட்டும்தான் கையெழுத்துப் போட முடியும். யாஹூ முகவரியென்றால் 2014-லிருந்தே அவர்கள் டிமார்க் "ரிஜெக்ட்" (பொருந்தாததை ஏற்காதே) நிலையில் இருக்கிறது, மெயில் நேராகச் சுவரில் மோதும்.

---

பதில்: பாலக்கோடு_சர்வர்

ஆர்டர் மெயில் 5.7.26 பத்தி யாரும் சொல்லல. வெப்சைட் பிஎச்பி மெயில் வழியா ஷேர்டு சர்வர்ல இருந்தே நேரா அனுப்புது. அந்த ஐபி உங்க எஸ்பிஎஃப்ல இல்ல, டிகிமும் இல்ல. ஐபியைச் சேர்த்தா தீரும்தான். ஆனா அதே ஐபியில இன்னும் பல நூறு சைட் இருக்கும், அதுல எவனாவது குப்பை அனுப்பினா உங்க கன்று ஆர்டரும் சேர்ந்து குப்பை. பேசாம எஸ்எம்டிபி வழியா (லாகின் பண்ணி கூகுள் மெயில் சர்வர் மூலமா அனுப்பறது) மாத்துங்க. வேர்ட்பிரஸ்னா அதுக்குன்னே பிளக்இன் இருக்கு. போர்ட் 587, டிஎல்எஸ், வொர்க்ஸ்பேஸ் கணக்குல இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் பண்ணி 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு. வொர்க்ஸ்பேஸ்ல ஒரு கணக்குக்கு நாளுக்கு 2,000 மெயில் வரம்பு, ஆர்டர் மெயிலுக்குத் தாராளம். மொத்த மெயிலை அதுல அனுப்பலாம்னு மட்டும் நினைக்காதீங்க.

"தொடர்பு கொள்ள" ஃபாரமையும் பாத்துடுங்க. பார்வையாளர் அடிச்ச மெயில் ஐடியை ஃப்ரம்ல போட்டு உங்களுக்கே அனுப்பற மாதிரி நிறைய ஃபாரம் இருக்கு. அடுத்தவன் டொமைன் பேர்ல உங்க சர்வர் அனுப்பினா அது போலி மெயில் கணக்குதான். ஃப்ரம்ல உங்க முகவரி, ரிப்ளை-டூல அவங்க முகவரி.

சிபேனல்ல "ஈமெயில் ரூட்டிங்" லோக்கல்னு இருந்தா ரிமோட்னு மாத்துங்க. லோக்கலா இருந்தா வெப்சைட் உங்க ஆபீஸ் ஐடிக்கு அனுப்பறது கூகுளுக்கே போகாம அந்த சர்வருக்குள்ளயே தங்கிடும். "ஆர்டர் வந்ததே தெரியல"ன்னு வர்ற புகார்ல பாதி இதுதான்.

---

பதில்: அரூர்_புளியந்தோப்பு

ரெக்கார்டு எல்லாம் சரியா இருந்தும் ஸ்பேம்ல போற கட்டம் ஒண்ணு அடுத்து வரும், அதுக்கு இப்பவே தயாராகுங்க. "ஸ்பேம்"னு ஆளுங்க அமுக்கற விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, 0.1க்குக் கீழ இருக்கணும்கறது கூகுள் சொல்ற கணக்கு. இன்பாக்ஸ்ல சேர்ந்த 6,000 மெயிலுக்கு 0.3ன்னா 18 பேர். 0.1ன்னா வெறும் 6 பேர். மாங்கனி கண்காட்சி ஸ்டால்ல நோட்டுல எழுதி வாங்கின முகவரி, விசிட்டிங் கார்டுல எடுத்தது, இதெல்லாம் பட்டியல்ல கலந்திருந்தா அந்த 18 பேர் அரைமணி நேரத்துல கிடைச்சுடுவாங்க. கையெழுத்து நோட்டுல ஜிமெயிலையே தப்பா எழுதினது எத்தனை இருக்கும், அது அத்தனையும் பவுன்ஸ், அதாவது சேராம திரும்பிடும். ஒரு வருஷமா திறக்காதவங்க, கன்று ஒண்ணுகூட வாங்காதவங்களை முதல்ல எடுத்து ஓரமா வைங்க. மீதி 4,000 பேருக்குப் போனாலும் விக்கிறது அதேதான் விக்கும். இந்த விகிதத்தைப் பாக்க கூகுள் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ்ல டொமைனைச் சேருங்க, ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டு போட்டா போதும், இலவசம்.

விலகற வசதி. மெயில் அடியில "விலக இங்கே" லிங்க் மட்டும் வச்சா இந்த விதிக்குப் போதாது. மெயிலோட தலைப்பகுதியில ரெண்டு வரி வேணும்: லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப் வரியில ஒரு எச்டிடிபிஎஸ் முகவரி, கூடவே லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்-போஸ்ட் வரியில "ஒன்-கிளிக்". ரெண்டு வரியும் டிகிம் கையெழுத்துக்குள்ள அடங்கணும். ஜிமெயில்ல அனுப்புனர் பேருக்குப் பக்கத்துல பட்டன் வர்றது இதனாலதான். அதை அமுக்கினா லாகின் கேக்கக் கூடாது, "நிச்சயமா விலகணுமா"ன்னும் கேக்கக் கூடாது. ரெண்டு நாளைக்குள்ள பட்டியல்ல இருந்து பேரை எடுத்துடணும். மொத்த சேவையில பெரும்பாலும் தானா வரும், ஷோ ஒரிஜினல்ல ரெண்டு வரியும் இருக்கான்னு ஒருதடவை கண்ணால பாத்துக்கங்க.

சொந்தமா புரோகிராம் எழுதறவங்களுக்கு: அந்த முகவரி போஸ்ட் கோரிக்கை வந்தா மட்டும் விலக்கணும். வெறுமனே திறந்தாலே விலக்கற மாதிரி எழுதினா, மெயில்ல உள்ள லிங்க்கையெல்லாம் திறந்து சோதிக்கிற பாதுகாப்பு மென்பொருளே உங்க ஆளுங்களை ஒவ்வொருத்தரா விலக்கிட்டுப் போயிடும். ஆர்டர் உறுதி, பாஸ்வேர்டு மாத்தற மெயிலுக்கு இந்த வசதி தேவையில்ல.

டிமார்க்கை பி=நன்ல வச்சுக்கிட்டு இருக்காம உடனே ரிஜெக்டுக்குப் போயிடுங்க. வேற எவனும் உங்க பேர்ல அனுப்ப முடியாது.

---

பதில்: ஓசூர்_டிஎன்எஸ்

பட்டியல் விஷயத்தில் முழுக்க ஒத்துப்போகிறேன். கடைசி வரியில் மட்டும் இல்லை. கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றுக்கும் பி=நன் போதும். உங்கள் பெயரில் எங்கிருந்தெல்லாம் மெயில் போகிறது என்று முழுசாகத் தெரிவதற்கு முன் ரிஜெக்ட் போட்டால் முதலில் அடைபடுவது உங்கள் சொந்த மெயில்தான். சந்தூர்க்காரர் ரிப்போர்ட் முகவரி போட்டிருக்கிறாரா? ரெக்கார்டில் ஆர்யூஏ என்ற பகுதி. அதில் உங்கள் டொமைனிலேயே உள்ள ஒரு ஐடியைக் கொடுங்கள். சொந்த ஜிமெயில் ஐடி கொடுத்தால் ரிப்போர்ட் வராது. வேறு டொமைனுக்கு அனுப்ப அந்த டொமைனின் டிஎன்எஸ்ஸிலேயே சம்மதம் எழுதியிருக்க வேண்டும், ஜிமெயில் நமக்காக அதை எழுதாது.

இரண்டு வாரம் சேர்ந்ததும் பாருங்கள். அமுக்கிய எக்ஸ்எம்எல் கோப்பாக வரும்.

---

சந்தூர்_ஒட்டுக்கன்று

ரெண்டு வாரம் ஆச்சுங்க. மொத்த மெயில் சிநேம் போட்டதுக்கப்புறம் டிமார்க் பாஸ். ஆர்டர் மெயிலும் திரும்பறதில்ல. ரிப்போர்ட்ல ரெண்டு ஐபிதான் புரியல. ஒண்ணு: கவுண்ட் 41, டிகிம் ஃபெயில், எஸ்பிஎஃப் ஃபெயில். இன்னொண்ணு: கவுண்ட் 3, டிகிம் பாஸ், எஸ்பிஎஃப் ஃபெயில். யாராவது நம்ம பேர்ல அனுப்பறாங்களா?

---

பதில்: ஓசூர்_டிஎன்எஸ்

கவுண்ட் 3 உள்ளது ஃபார்வர்டு. யாரோ தன் ஆபீஸ் மெயிலை ஜிமெயிலுக்குத் திருப்பி வைத்திருக்கிறார். வழியில் வண்டி மாறியது, அதனால் எஸ்பிஎஃப் விழுந்தது. சீல் பிரியவில்லை, டிகிம் நிற்கிறது. அப்படியே விடுங்கள். டிகிம் இல்லாமல் எஸ்பிஎஃப்பை மட்டும் நம்பியிருந்தால் இந்த மூன்றும் போயிருக்கும்.

கவுண்ட் 41 உள்ளது போலி ஆள் மாதிரி தெரியவில்லை. போலி ஆட்கள் வேலை நாளில் மட்டும் அனுப்ப மாட்டார்கள். ரிப்போர்ட் தேதிகளைப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதா? இல்லையென்றால் உங்கள் ஆபீஸிலிருந்தே போவதுதான். இன்வாய்ஸ் எதில் அனுப்புகிறீர்கள்?

---

சந்தூர்_ஒட்டுக்கன்று

ஞாயித்துக்கிழமை இல்லைங்க. டேலியில இருந்து இன்வாய்ஸ் போகுது, கணக்கு பாக்கற அக்கா ரொம்ப நாள் முன்னாடி பழைய ஹோஸ்டிங் சர்வர் பேரைப் போட்டு வச்சிருக்காங்க. அந்த நாட்கள்ல போன பில் எண்ணிக்கையும் 41தான்.

---

பதில்: பாலக்கோடு_சர்வர்

அப்ப டேலி ஈமெயில் அமைப்புல சர்வர் பேரை மாத்தி, கணக்குப் பிரிவுக்குத் தனி வொர்க்ஸ்பேஸ் ஐடி, தனி ஆப் பாஸ்வேர்டு போடுங்க. வெப்சைட்டுக்குப் போட்டதையே இதுக்கும் போடாதீங்க, ஒண்ணை ரத்து பண்ணும்போது இன்னொண்ணும் நின்னுடும். மாத்தின மறுநாள் ரிப்போர்ட்ல அந்த ஐபி காணாம போகணும். போனதும் இன்னும் ரெண்டு வாரம் பாத்துட்டு டிமார்க்கை குவாரண்டைனுக்கு (ஸ்பேமுக்குத் தள்ளுங்கற நிலை) மாத்துங்க. ரிஜெக்ட்டை இந்த ஆடி சீசன் முடியட்டும், அப்புறம் வச்சுக்கலாம்.